கரண்ட் வந்ததும் முதலில் எதைப் போடுவது? – குடும்ப நிர்வாகம், வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கரண்டும் தண்ணீரும்தான், மிச்சம் மழை. யாங்கோனில் குடித்தனம் நடத்துகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்! ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

நாங்கள் ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். நான் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறேன். கரண்ட் வந்தவுடன் மோட்டார் போடுவதா, சோறு வைப்பதா, மாவு ஆட்டுவதா, துணி துவைப்பதா என்று ஒரே ஓட்டம். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுகிறது. கரண்ட் போன பிறகுதான் அயர்ன் பண்ணாதது ஞாபகம் வருகிறது. – வாசகி, தாம்வே

கடிகாரத்தைப் பார்த்து அட்டவணை போடாதீர்கள், நம் ஊருக்கு அது ஒத்து வராது. இத்தனை மணி நேரம் இருக்கும், இத்தனை மணி நேரம் இருக்காது என்று முறை வைக்கிறார்கள், அந்த முறையும் மாறுகிறது, சொன்ன நேரத்துக்கு வரும் என்ற நிச்சயமும் இல்லை. அதனால் மணியை விட்டுவிட்டு வரிசையை மட்டும் எழுதி வையுங்கள். கரண்ட் எப்போது வந்தாலும் அதே வரிசை, வீட்டில் யார் இருந்தாலும் அதே வரிசை.

முதலில் மோட்டார். தொட்டி நிறைந்துவிட்டால் மற்ற எல்லாம் கொஞ்சம் தாமதமானாலும் சமாளித்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் கட்டடத்தில் எல்லாரும் அதே நிமிடம் போடுவார்கள், கீழ் மாடிக்காரர்கள் இழுக்கிறவரை உங்களுக்கு மேலே ஏறாது, மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் போய்விடும், சில சமயம் உள்ளே இருக்கிற கம்பிச்சுருளே எரிந்துவிடும். கீழ் வீட்டுக்காரரிடம் பேசி, அவர்கள் முதல் அரைமணி, நீங்கள் அடுத்த அரைமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் மோட்டார் ரிப்பேருக்குக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது சோறு. அதற்குப் பிறகு கிரைண்டர் அல்லது வாஷிங் மெஷின், ஒரு நாளைக்கு ஒன்றுதான், இரண்டும் கிடையாது. அயர்ன் கடைசி. போன், டார்ச், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் இந்த வரிசைக்கு வெளியே, கரண்ட் இருக்கிற நேரம் முழுக்க அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கட்டும்.

பிரேக்கர் விழுவதற்குக் காரணம் சூடாக்குகிற சாமான்கள். ரைஸ் குக்கர் 700 வாட் போல இழுக்கும், அயர்ன் 1000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் வரை போகும். மூன்றையும் சேர்த்தால் 3700 வாட், 230 வோல்ட்டில் அது 16 ஆம்பியர். நம் பழைய கட்டடங்களில் ஓடுகிற ஒயருக்கு அது அதிகம், ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகியிருந்தால் ரொம்பவே அதிகம். சூடாக்குகிற சாமான் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் பிரேக்கர் தானாக அடங்கும். இதைத் தவிர்க்கப் பெரிய பிரேக்கர் மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரேக்கர் விழாது, சரி, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஒயர் சூடேறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கரண்ட் போன நிமிடமே அயர்ன், அடுப்பு, மோட்டார் சுவிட்சுகளைக் கையால் அணைக்க வேண்டும். துணி மேல் அயர்ன் இருக்கும்போது கரண்ட் போய், நீங்கள் அப்படியே வேலைக்குக் கிளம்பி, ஆளில்லாத வீட்டில் கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிரிட்ஜையும் அணைத்துவிட்டு, கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். வந்த வேகத்தில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும், கம்ப்ரெஸர் அதைத் தாங்காது. ஆள் இல்லாத நேரத்துக்கு, தாமதமாக ஆன் ஆகிற ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

வரிசையை ஒரு தாளில் பர்மியிலும் தமிழிலும் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கு பர்மிய எழுத்து சுளுவாக வரும், மாமியாருக்குத் தமிழ். அதன் கீழேயே கரண்ட் இல்லாத நேரத்து வேலைகளையும் எழுதுங்கள்: பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது, வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகள் வீட்டுப்பாடம். காலையில் கரண்ட் இல்லை என்றால் தெருமுனையில் தூக்குவாளியைக் கொடுத்து மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் இட்லி அவித்தே தீர வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை.

பிரிட்ஜ் இருந்தும் இல்லாத மாதிரிதான். மாவு ஒரே நாளில் புளித்துப் பொங்கிவிடுகிறது, மீன் நாறுகிறது, மீந்த சோற்றைக் கொட்டுகிறேன். – வாசகி, போத்தத்தௌங்

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் பிரிட்ஜின் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருக்கிறது என்றால் 24 மணி நேரம். அதாவது காலியான ஃப்ரீசர்தான் சீக்கிரம் தோற்கும். காலி இடத்தில் எல்லாம் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள், முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும், உறைந்தால் விரியும். கரண்ட் போனதும் அதில் இரண்டை எடுத்துக் கீழ்த்தட்டில், மாவுக்கும் பாலுக்கும் நடுவில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கதவைத் தொடக் கூடாது. பிள்ளைகள் சும்மா திறந்து பார்க்கிற பழக்கத்தை நிறுத்துவதுதான் கஷ்டம். குடிக்கிற தண்ணீரை வெளியே ஒரு மண்பானையில் வைத்துவிட்டால் பாதித் திறப்பு குறையும்.

மாவுக்கு வழி, ஒரு வாரத்துக்குச் சேர்த்து ஆட்டாமல் இருப்பது. இரண்டு நாளைக்கு ஆட்டுங்கள், ஆட்டும்போது ஐஸ் தண்ணீர் விடுங்கள், கிரைண்டர் சூட்டிலேயே மாவு புளிக்கத் தொடங்கிவிடும். ஆட்டி முடித்ததும் முதல் நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே பொங்க வையுங்கள், மறுநாள் பங்கை அப்போதே, பொங்குவதற்கு முன்பே, உள்ளே தள்ளிவிடுங்கள். முழுப் பாத்திரத்தையும் பொங்கவிட்டுப் பிறகு பிரிட்ஜில் வைப்பதால்தான் உங்கள் மாவு இரண்டாம் நாள் மோராகிறது. ஏப்ரல், மே மாதத்தில் நாலு ஐந்து மணி நேரத்திலேயே பொங்கிவிடும், இரவு ஆட்டிக் காலையில் பார்க்கிற வழக்கத்தை அந்த இரண்டு மாதம் விட்டுவிடுங்கள்.

மீன் வாங்கினால் அன்றே சமைப்பது, இல்லை என்றால் மஞ்சள் உப்பு போட்டுப் பொரித்துவிடுவது. பச்சையாக உள்ளே வைத்து கரண்ட்டை நம்புவது சூதாட்டம்.

சோற்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடித்த சோறு வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் அதில் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சை விடும், மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மோந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. பால் டின்னால் அளந்து அந்த வேளைக்கு மட்டும் வையுங்கள். மீந்துவிட்டால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு உடனே பிரிட்ஜில் வைக்க வேண்டும், கரண்ட் இருந்தால்தான் அதுவும்.

மழைக்காலம் வந்தால் அலமாரியில் எல்லாம் பூஞ்சணம். துணி மூன்று நாள் ஆனாலும் காயாமல் நாற்றம் அடிக்கிறது. போன வருஷம், வீட்டு ஆட்கள் பெயர் பதிந்த வீட்டுப் பட்டியல் தாளே ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. – வாசகி, பெகு

மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை மழை, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், அதாவது வருஷத்திலேயே துணி காயாத மாதத்தில்தான் தினமும் வெள்ளையும் பச்சையுமாக யூனிஃபார்ம் வேண்டும். இதை மாற்ற முடியாது, முன்கூட்டித் தயாராகலாம். மழைக்கான வேலையை ஏப்ரலில் வருகிற திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் முடித்துவிட வேண்டும், வெயில் மண்டையைப் பிளக்கும்போதே. அலமாரியைக் காலி செய்து, கதவைத் திறந்து காயவிட்டு, சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டி நிற்கிற அலமாரியில்தான் பூஞ்சணம் முதலில் வரும், பின்னால் காற்றே போகாது. உள்ளே அடைத்து வைக்காதீர்கள், கால்வாசி காலியாக இருக்கட்டும். பழைய பனியன் துணியில் அடுப்புக்கரி கட்டி மூலையில் வைத்தால் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், வெயில் வந்த அன்று எடுத்துக் காயவைத்து மறுபடி வைக்கலாம். கொஞ்சம்தான் இழுக்கும், அதையே நம்பியிருக்க வேண்டாம்.

பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் ஜரிகை கறுத்துப்போகும். பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள், அந்துருண்டை ஜரிகையில் படாமல் தனியாகத் தொங்கட்டும். தீபாவளி வரும்போது மழை அடங்கிவிடும், அப்போது எடுத்து நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.

துணி நாறுவது அழுக்கால் வருவதில்லை, ரொம்ப நேரம் ஈரமாக இருப்பதால். ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை துவைத்துக் கொடி முழுக்க நெருக்கிப் போட்டால் ஒன்றும் காயாது. தினம் கொஞ்சமாகத் துவையுங்கள், ஒவ்வொரு துணிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, கரண்ட் இருக்கும்போது ஃபேனை அதன் மேல் திருப்பிவிடுங்கள், ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். சட்டையை ஹேங்கரில் போட்டால் சீக்கிரம் காயும். ஜீன்ஸ், கம்பளி, கனமான துண்டு இவற்றை ஜூலை ஆகஸ்டில் முடிந்தவரை தொடாமல் இருப்பது உத்தமம். வீட்டுக்குள் மெல்லிய துண்டே போதும்.

தாள்கள் விஷயத்துக்கு வருவோம். வீட்டுப் பட்டியல், அடையாள அட்டை நகல்கள், பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் ஒரே ஜிப் பையில், அந்தப் பை ஒரு டப்பாவில், டப்பா கையெட்டுகிற உயரத்தில். பரணில் வேண்டாம், கூரை ஒழுகினால் முதலில் நனைவது பரண், தரையில் வேண்டாம், வெள்ளம் வந்தால் முதலில் நனைவது தரை. நில நடுக்கமோ தீயோ வந்தால் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பை அது. 2025 மார்ச் 28 நில நடுக்கத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தாளையும் போனில் படம் பிடித்து, வேறு வீட்டில் இருக்கிற அண்ணனுக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். மூலப் பட்டியலை லேமினேட் செய்யாதீர்கள், ஆள் கூடினால் குறைந்தால் அதில் எழுத வேண்டிவரும்.

அரிசியில் வண்டு, உளுந்தில் வண்டு. வேப்பிலை போட்டேன், காய்ந்த மிளகாய் போட்டேன், நிற்கவில்லை. – வாசகி, யாங்கோன்

வேப்பிலை கெடுதல் செய்யாது, ஆனால் உள்ளே இருக்கிற முட்டையை அது ஒன்றும் செய்யாது. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடும். நம் வெப்பத்துக்கு ஒரு மாதத்தில் முட்டை வண்டாகி வெளியே வந்துவிடும். அதனால்தான் சுத்தமான அரிசி என்று வாங்கி வைத்தது திடீரென்று ஊர்கிறது, வண்டு கடையிலிருந்தே கூட வந்திருக்கிறது.

மூட்டையாக வாங்கினால் மலிவு என்பது உண்மை, ஆனால் அந்த மூட்டையை ஒரு மாதத்தில், அதிகம் போனால் ஒன்றரை மாதத்தில் தீர்க்கிற குடும்பத்துக்குத்தான் அந்த மலிவு. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு பியி (எட்டு பால் டின் அளவு) கணக்கில் வாங்குவது நல்லது, இல்லை என்றால் அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டோடு மூட்டையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டக் கூடாது, எல்லா வண்டும் அடியில் மிச்சம் இருக்கிற அந்த ஒரு பிடியிலிருந்துதான் வருகிறது. டின்னைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகுதான் புதியது. உளுந்து விளைகிற நாட்டில் இருந்துகொண்டு ஐந்து வீசை வாங்கிச் சேர்த்து வைக்க என்ன அவசியம்? ஒரு வீசை, அதாவது 1.6 கிலோ போல, வாங்கி, வெறும் சட்டியில் லேசாகச் சூடேற்றி, நன்றாக ஆறிய பிறகு இறுக்கமான டப்பாவில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். இட்லிக்கான உளுந்தை மட்டும் வறுக்காதீர்கள், மாவு பொங்காது. அதை அந்தந்த வாரத்துக்கு வாங்குங்கள்.

மாமியார் பழைய டப்பா, பால் டின், பிளாஸ்டிக் பை எதையும் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். சமையலறையில் நிற்க இடமில்லை. – பெயர் வேண்டாம்

அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எட்டு பால் டின் ஒரு பியி என்று அரிசி அளந்தே குடும்பத்தை ஓட்டியவர்கள் அவர்கள், கடையில் சாமானே கிடைக்காத காலத்தைப் பார்த்தவர்கள். அவர் இல்லாத நேரத்தில் அள்ளிப் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அதற்குப் பிறகு ஒரு ஸ்பூன் காணாமல் போனாலும் உங்கள் தலையில்தான் விழும்.

ஒரு தட்டை முழுக்க அவருக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். அதற்குள் என்ன வைத்தாலும் நீங்கள் கேட்கக் கூடாது, அதற்கு வெளியே வழிந்தால் எது போக வேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும். மூடி இல்லாத டப்பா, துருப்பிடித்த டின் இரண்டையும் பழைய சாமான் வாங்குகிற தராசுக்காரரிடம் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் காசு அவர் கையில் போகட்டும். காசு வரும் என்றால் மனசு சீக்கிரம் மாறும்.

தொட்டி, டிரம், வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். கொசு தாங்கவில்லை. – வாசகர், மோல்மேன்

டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, நீங்கள் பிடித்து வைத்திருக்கிற நல்ல தண்ணீருக்குத்தான் வரும். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும், அது காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் போதாது, உள்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகிறது, ஆகவே வாரம் ஒரு முறை தேய்த்தால் போதும். எப்படியும் வெள்ளிக்கிழமைக்காக வியாழன் சாயங்காலம் வீடு கழுவி விளக்கு தேய்க்கிறீர்கள், டிரம்மையும் அதோடு சேர்த்துவிடுங்கள். பூச்சாடி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் தேங்குகிற தட்டு, இந்த மூன்றும் மறந்துபோகிறவை. மூடி இல்லாத டிரம்முக்கு மெல்லிய வலைத்துணி போட்டுக் கயிற்றால் கட்டுங்கள்.

கிளம்பும்போது தினமும் சாவியைத் தேடுகிறோம், குடையைத் தேடுகிறோம். – வாசகர், யாங்கோன்

கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, கீழே ஒரு வாளி. சாவி ஆணியில், ஈரக்குடை வாளியில். டார்ச்சும் அதே ஆணியில், மாடிப்படி இருட்டுக்கு அது வேண்டும். அவ்வளவுதான், இதற்குப் போய் கடையில் ஸ்டாண்ட் எதுவும் வாங்காதீர்கள்.

நான் காலை முதல் இரவு வரை கடையில் இருக்கிறேன். வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று மனைவி சொல்கிறாள். ஏதாவது சொன்னால் செய்கிறேன் என்றுதான் சொல்கிறேன், அதற்கும் கோபப்படுகிறாள். – வாசகர், மிங்கலா தவுன்யுன்

தம்பி, கோபம் அந்த "சொன்னால் செய்கிறேன்" மேல்தான். என்ன தீர்ந்திருக்கிறது, எப்போது வாங்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலை, அது முழுக்க உங்கள் மனைவி தலையில் இருக்கிறது. நீங்கள் போய் வாங்கி வருவது அதில் கடைசி அரைமணிதான்.

இரண்டு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், நினைவு வைப்பதிலிருந்து முடிப்பது வரை. கடைக்காரருக்குப் பொருத்தமானவை என்று பார்த்தால், குடிதண்ணீர்: 20 லிட்டர் பாட்டில் எத்தனை மிச்சம் என்று பார்ப்பது, தண்ணீர் கொண்டுவருகிற ஆளுக்கு போன் பண்ணுவது, காலிப் பாட்டிலைக் கொடுப்பது, காசு தருவது. இன்னொன்று பில்கள்: மீட்டர் பில் வந்ததும் கட்டி, ரசீதைப் பையில் போடுவது. கடையில் சரக்கு தீருவதற்கு முன்பே ஆர்டர் போடுகிறீர்களே, யாரும் வந்து ஞாபகப்படுத்துவதில்லையே, அதே மூளைதான் இதற்கும். ஒரு மாதம் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்து பாருங்கள். முதல் தடவை தண்ணீர் தீர்ந்துபோய் இரவு பத்து மணிக்கு நீங்களே படி இறங்கி ஏறினால், இரண்டாவது தடவை தீராது.

பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற கயிறு உங்கள் வீட்டிலும் இருக்கும். காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன் மணி அடித்தால், அதில் கிளிப்பில் மாட்டி வருகிற ரொட்டியையும் கீரையையும் இழுத்து எடுப்பது இனி நீங்கள்தான். அதற்குக் கரண்ட் தேவையில்லை.